நல்ல சாரியைக் கடைசியில் எடுப்பவன்

துணிக்கடையில் வளர்ந்தவனுக்குச் சில நோய்கள் உண்டு. அதில் ஒன்று, நல்ல சாரியைக் கடைசியில் எடுப்பது. வந்த பெண் எழுந்து, செருப்பைத் தேடி, ஒரு காலை வாசலில் வைக்கும்வரை சுமாரானதையே விரித்துக்கொண்டிருக்க வேண்டும். பிறகு மனமே இல்லாதவனைப் போல, "இது ஒண்டு ஈக்கு, வேற ஆளுக்கு எடுத்து வச்சது" என்று மேல்தட்டிலிருந்து ஒன்றை இறக்க வேண்டும். வாசலில் நின்றவள் திரும்பி வந்து உட்காருவாள். பதுளைக் கடைவீதியில் எங்கள் வாப்பாமார் இதை வைத்துத்தான் மாடி கட்டினார்கள். அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் பாட்டுக் கச்சேரியையும் இப்படி நடத்தலாம் என்று நினைத்த முதல் மடையன் என் சாச்சாவின் மகன் றுஷ்திதான்.

அவனுடைய கடைக்கு மேலே துணி அடுக்கி வைத்த அறை ஒன்று இருந்தது. வியாபாரம் படுத்த வருஷம் அது காலியானது. சுவரில் பழைய கம்பளங்களைத் தொங்கவிட்டு, உட்கார நாலைந்து வாங்கு போட்டு, ஞாயிறு பின்னேரங்களில் பாட ஆள் கூப்பிட ஆரம்பித்தான். மேடை கிடையாது. பாடுகிறவரின் முழங்கால் முன்வரிசையில் இருப்பவரின் முழங்காலில் இடிக்கும். மின்விசிறி போட்டால் மைக் உறுமும் என்பதால் அதையும் நிறுத்திவிடுவோம். துபாயில் இருந்த காலத்தில் குளிரூட்டிய மண்டபங்களில் பெரிய பெரிய ஆட்களைக் கேட்டிருக்கிறேன். எறும்பளவு தெரிவார்கள். இங்கே பாடுகிறவர் மூச்செடுப்பது கேட்கும். பொய்யாகப் பாடினால் அதுவும் கேட்கும். பக்கத்தில்தான் என் பாத்திரக் கடை. எந்த ஞாயிறையும் நான் விட்டதில்லை.

கலாராணி பாடுகிற ஞாயிறு என்றால் சொல்லவே வேண்டாம். மடுல்சீமைத் தோட்டமொன்றில் முன்பள்ளி ஆசிரியை. பாட்டெல்லாம் அவளே கட்டுவது. அதில் ஒன்று, அவர்கள் தோட்டத்துக்குப் போகும் உடைந்த ரோட்டைப் பற்றிய ரோட்டுப் பாட்டு. அவள் கேள்வி கேட்பாள், சபை பதில் சொல்ல வேண்டும்.

"ரோட்டப் பாக்க ஆளு வந்தாச்சா?"

"வந்தாரு, அளந்தாரு, போனாரு!"

ஒவ்வொரு அடியிலும் வருகிற ஆள் மாறுவார், பதில் மாறாது. நாங்களும் சேர்ந்து கத்துவோம்தான். ஆனால் நாங்கள் கத்தினால் வேடிக்கை. மடுல்சீமை ஆட்கள் கத்தினால் கம்பளத்துக்குப் பின்னால் சுவர் அதிரும். சாமான் வாங்கப் பதுளைக்கு வந்தவர்கள், கருவாட்டுப் பையைக் காலுக்கிடையில் வைத்துக்கொண்டு கதவோர வாங்கில் இருப்பார்கள். அந்த வாங்கு அவர்களுக்கென்றே விடப்பட்டது. கடைசி பஸ்ஸின் ஹோர்ன் கேட்டதும் யாரையும் இடிக்காமல் இறங்கிப் போகலாம். அவர்களுக்கு வேண்டிய பாட்டை அதற்குமுன் பாடி முடித்துவிடுவது எழுதாத சட்டம்.

சட்டத்தை உடைக்கத்தான் ஜீவன் வந்தார். கொழும்புக்காரர். ஒரு பெரிய இசை விழாவுக்கு மலையகத்திலிருந்து ஒரு குரலைத் தேர்ந்தெடுக்க வந்திருந்தார். கலாராணியின் பாட்டை யாரோ போனில் எடுத்தது அவர் காதுவரை போயிருந்தது. அவருக்குப் பிடித்துவிட்டால், ரோட்டுப் பாட்டைக் கொழும்பு கேட்கும். அவளுக்கு வேண்டியதும் அதுதான். "அளக்குறவங்க எல்லாம் அங்கதான நானா இருக்காங்க" என்று என்னிடம் சொல்லியிருந்தாள். எங்கள் ஆட்களைப் போலவே அவளும் அண்ணனை நானா என்றுதான் கூப்பிடுவாள்.

றுஷ்தி போட்ட நிரலைப் பார்த்ததும் எனக்கு ரத்தம் கொதித்தது. முதலில் பண்டாரவளைப் பையன்களின் கிட்டார் கோஷ்டி. பிறகு ஜீவனின் உரை. கடைசியில் கலாராணி.

"டேய், உனக்கு மூளை ஈக்கா? அவள முதல்ல போடு."

"காமில் நானா, நீங்களும் யாவாரிதானே! நல்ல சாரிய ஆரும் முதல்லயே விரிப்பாங்களா?"

"அது சாரிடா. சாரிக்குப் பஸ் இல்ல."

"பஸ்ஸ நான் பாத்துக்கொள்ளுவன். ராவைக்கு அவ எங்கட தாத்தாட வீட்டுல தங்கட்டும்."

"அவ தங்குவா. பதில் சொல்றவங்க எங்க தங்குவாங்க? உன்ட தலையிலயா?"

கலாராணியும் தன் பங்குக்குச் சொல்லிப் பார்த்தாள். "றுஷ்தி நானா, எங்க ஆளுங்க இல்லாட்டி அந்தப் பாட்டு பாதிப் பாட்டுங்க." அவன் கையை உயர்த்தி அவளை ஆசீர்வதிப்பவனைப் போல, "கடைசியிடம்தான் தங்கச்சி பெரிய இடம்" என்றான். அவளைக் கௌரவிக்கிறானாம். கெட்ட எண்ணம் ஒரு துளியும் இல்லை. கெட்டவனாக இருந்தால் ஓர் அறை கொடுத்துத் தீர்த்திருப்பேன்.

பண்டாரவளைப் பையன்கள் வாசித்த நேரத்தைவிட நரம்பை முறுக்கிய நேரம் அதிகம். பிறகு ஜீவன் எழுந்தார். மலையகத்தில் திறமைக்குப் பஞ்சமில்லை, கேட்கும் பண்பாடுதான் வளரவில்லை என்று தொடங்கினார். கதவோர வாங்கில் ஆட்கள் நெளிந்தார்கள். கலாராணி டோலக்கை மடியில் வைத்துக்கொண்டு, அதன் கயிற்றை அவிழ்ப்பதும் கட்டுவதுமாக இருந்தாள். "நாம் கலைஞரிடம் முழுமையாக நம்மை ஒப்படைக்க வேண்டும்" என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தபோது கீழே ஹோர்ன் அடித்தது.

நான் படியில் உருண்டு விழாத குறையாக பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன். எனக்குப் பிழைப்பே பேரம்தானே! ஒரு பாட்டு முடியும்வரை நிற்கச் சொல்லி டிரைவரிடம் பேசினேன், சிரித்தேன், அவர் மனைவியின் சுகம் விசாரித்தேன்.

"மொதலாளி, மண்ணு சரிஞ்ச எடத்த வெளிச்சம் இருக்கக்குள்ளயே தாண்டணும். இருட்டுனா நீங்க வந்து ஓட்டுறீங்களா?"

ஏற்கெனவே உள்ளே இருந்த ஒரு பொம்பிளை, "பாட்டுக் கேக்குறவங்களுக்காக எங்கள பள்ளத்துல தள்ளுவீங்களோ?" என்று வேறு கேட்டாள். அவள் கேட்டதும் நியாயம்தான். அதனால் என் கோபம் முழுதும் மிச்சமிருக்க, அப்படியே மேலே கொண்டுபோனேன்.

மேலே கதவோர வாங்கு எழுந்து நின்றது. செருப்புகளைக் கையில் எடுத்துக்கொண்டு ஓசைப்படாமல் நகர்ந்தார்கள். ஜீவன் மைக்கை விடவில்லை.

"பாருங்க, இதைத்தான் சொல்ல வந்தேன். சொந்த ஊர்ப் பிள்ளை பாடப் போகுது, எழும்பிப் போறாங்க. கலைஞருக்கு ஒரு மரியாதை இல்லை."

கந்தப்பன் என்று ஒருவர், தேயிலைத் தொழிற்சாலையில் வேலை, வாசலிலேயே நின்று திரும்பினார்.

"மரியாதையெல்லாம் இருக்குங்க ஐயா. அடுத்த பஸ்ஸுதான் இல்ல."

யாரோ சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. "ஸேர், நீங்க பேசின நேரத்துல அந்தப் பிள்ள ரெண்டு தரம் பாடி முடிச்சிருக்கும். இந்தப் பண்பாட்ட எந்தக் கடையில வாங்கினீங்க? திருப்பிக் குடுத்துருங்க, சாமான் பழுது" என்றேன். றுஷ்தி என் சட்டையைப் பிடித்து இழுத்தான். அவன் கையைத் தட்டிவிட்டேன்.

ஜீவன் என்னைப் பார்க்காமல் கலாராணியிடம் திரும்பினார். "நீங்க பாடுங்க. பதிலை ஸ்டூடியோவில பிறகு சேர்க்கலாம். நல்ல பாடகர்கள் இருக்காங்க."

கலாராணி டோலக்கின் கயிற்றை இறுக்கி முடிச்சுப் போட்டாள். எழுந்தாள்.

"அவங்களுக்கு எங்க ரோடு தெரியுமாங்க?"

"அது தேவையில்லையே. பாட்டுத்தானே?"

"பாட்டுத்தான்" என்றாள். குரல் உயரவில்லை, முகம்தான் சிவந்திருந்தது. "எங்க ஆளுங்க தொண்ட வத்திக் கத்துறத யாரோ கூலிக்குக் கத்துனா, அதுவும் வந்தாரு, அளந்தாரு, போனாருதாங்க."

றுஷ்தி குறுக்கே வந்தான். "தங்கச்சி, அவசரப்படாத. இப்பிடிச் சான்ஸ் திரும்ப வராது."

"தெரியுங்க நானா. அதான் எரியுது."

டோலக்கைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். ஒரு காலை வெளியே வைத்தாள், நின்றாள். றுஷ்தியின் முகத்தில் வியாபார நம்பிக்கை துளிர்த்ததைப் பார்த்தேன். வாசலில் நிற்பவர்கள் திரும்பி உட்காருவார்கள் அல்லவா! அவள் திரும்பினாள். உட்காரவில்லை.

"ஐயாவுக்கு அந்தப் பாட்டு வேணும்னா மடுல்சீமைக்கு வாங்க. நாங்க போற இதே பஸ்ஸுல வாங்க. கோயில் மடத்துல பாடுறேன், பதில் சொல்ல லயத்து ஆளுங்க எல்லாரும் வருவாங்க. நீங்களும் கடைசிவரைக்கும் இருந்து கேக்கலாம். எழும்பிப் போக முடியாதுங்க, காலையிலதான் திரும்ப பஸ்ஸு."

இறங்கிப் போய்விட்டாள். நான் கடைவீதியில் பிறந்தவன். எத்தனையோ பேரம் பார்த்திருக்கிறேன். வாசலில் நின்றுகொண்டு கடைக்காரனை எழுந்து வரச்சொன்ன வாடிக்கைக்காரியை அன்றுதான் பார்த்தேன்.

மிச்சப் பேருக்காக றுஷ்தி பண்டாரவளைப் பையன்களைத் திரும்பவும் உட்கார வைத்தான். அவர்கள் ஒரு பாட்டின் நடுவில் இருக்கும்போது ஜீவன் கைக்கடிகாரத்தைப் பார்த்து எழுந்தார். கொழும்பு ரயிலுக்கு நேரமாம். முழங்கால்களை இடித்துக்கொண்டு, ஒருவரின் காலையும் மிதித்துக்கொண்டு போனார். கிட்டார்க்காரப் பையன் வாசிப்பதை நிறுத்திவிட்டு வழிவிட்டான்.

நான் கதவடியில் நின்றிருந்தேன். "ஸேர், கலைஞருக்கு மரியாதை?" என்றேன்.

"ரயிலைத் தவற விட ஏலாது" என்றார், நான் பைத்தியமோ என்பது போல.

ரயில் என்றால் அவசரம். பஸ் என்றால் பண்பாட்டுக் குறை.

அடுத்த கிழமை றுஷ்தி போனைத் தூக்கிக்கொண்டு என் கடைக்கு ஓடிவந்தான். ஜீவனிடமிருந்து செய்தி. மடுல்சீமைக்கு வர யோசிக்கிறாராம். ஆனால் அன்றிரவே திரும்ப ஏதாவது வழி உண்டா என்று கேட்டிருந்தார். அதைக் கலாராணிக்கு அனுப்பி, அவளுடைய பதிலையும் வாங்கியிருந்தான். ஒரே சொல்: "இல்லைங்க."

றுஷ்தி அதற்குக் கீழே, "ஆனாலும் ஸேர், நாங்க வேன் ஒண்டு..." என்று தட்டிக்கொண்டிருந்தான். போனைப் பறித்தேன். வேனை அழித்தேன். அவள் சொன்னதை மட்டும் அனுப்பினேன்.

"நானா! அவர் வராம போனா?"

"போகட்டும். அவ சாரி விக்கல்லடா."