மூக்குத்தி பாட்டில்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று என் வீட்டுக்காரர் பார்க்கிறவர்களிடம் எல்லாம் சொல்லுவார். சொல்லிவிட்டுப் போகட்டும். சோடா கம்பெனியில் வெளிச்சப் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்து, பெல்ட்டில் வருகிற காலி பாட்டிலை எல்லாம் பார்த்துப் பழுதானதைத் தள்ளுகிறவளுக்குக் கோபம் வராவிட்டால்தான் ஆபத்து.

எங்கள் பாட்டில்கள் கடைக்குப் போய்த் திரும்பி வரும். கழுவி மறுபடி நிரப்புவோம். பெட்டிக்குள்ளும் பெல்ட்டிலும் ஒன்றோடொன்று உரசி, பாட்டிலின் தோளில் வெள்ளையாக ஒரு வளையம் விழும். வளையம் அகலமாக ஆக, கண்ணாடியின் பலம் குறைந்துகொண்டே வருகிறது என்று அர்த்தம். என் சுண்டுவிரலை வைத்துப் பார்ப்பேன். வளையம் விரலை மீறினால் அந்தப் பாட்டில் நொறுக்கப் போய்விடும். நிரப்பின பாட்டில் வெயிலில் சூடேறினாலே வெடித்துவிடலாம்; அப்படிச் சந்தேகம் வந்தால் பெட்டியோடு ஈரச் சாக்கைப் போட்டு மூடி, எட்ட நின்றுகொள்வோம். எங்களுக்குத் தெரிந்த பாதுகாப்பு இந்த விரலும் சாக்கும்தான்.

என் வீட்டுக்காரரின் தங்கையும் அங்கேதான், நிரப்பும் மிஷினில் வேலை பார்த்தாள். நாத்தனார் என்று பேர்தானே தவிர, நான் வளர்த்த பிள்ளை. நான் அந்த வீட்டுக்குள் காலெடுத்து வைத்தபோது அவளுக்குப் பால் பல் விழவில்லை, அம்மாவும் இல்லை. வாயாடி. பெரிய பெரிய கண். திட்டலாம் என்று வாயைத் திறந்தால் அந்தக் கண்ணை உருட்டியே ஆளைச் சிரிக்க வைத்துவிடுவாள்.

முதலாளி படுத்த படுக்கையானதும் அவருடைய மருமகன் கம்பெனிக்கு வந்தார். எங்களுக்கும் அவர் மாப்பிள்ளைதான், அப்படியேதான் சொல்வோம். வந்த புதிதில் எல்லோரையும் கூப்பிட்டு நிற்க வைத்து, வெள்ளி நிறத்தில் ஒரு புது லேபிளைத் தூக்கிக் காட்டினார். அதில் ஒரே ஒரு இங்கிலீஷ் வார்த்தை.

"ஸ்பார்க்லிங். இனிமே நம்ம சரக்குக்கு இதுதான் பேரு. அர்த்தம் யாருக்காவது தெரியுமா?"

நாத்தனார் அதற்குள் போனில் தேடிவிட்டாள். "வெளிச்சம் பட்டு மின்னுறதுக்கும் சொல்லலாம் சார், காஸ் ஏத்தின தண்ணிக்கும் சொல்லலாம். கண்ணுக்குச் சொல்லலாம். ஒருத்தர் சுவாரசியமா பேசினா அந்தப் பேச்சுக்குக்கூடச் சொல்லலாமாம்."

"அப்ப அண்ணிக்குச் சொல்ல முடியாது" என்று யாரோ பின்னாலிருந்து என்னைச் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான்.

மாப்பிள்ளை சிரிக்கவில்லை. அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். "கரெக்ட். பாட்டில் மின்னணும். தண்ணி பொங்கணும். ரெண்டும் இல்லைன்னா இந்த லேபிளை ஒட்டக் கூடாது" என்றார். எனக்கு அந்தப் பார்வையும் பிடிக்கவில்லை, பேச்சும் பிடிக்கவில்லை.

அந்த வாரமே மிஷினில் காஸ் மீட்டரின் முள் மேலே ஏறியது. கழுவுகிற இடத்துக்குப் பக்கத்து அறையில் ஒரு டிரம் வந்து இறங்கியது. அந்த அறைக்குக் கதவைச் சாத்தி வைத்தார்கள். என்ன என்று சூப்பர்வைசரைக் கேட்டேன். யார் எதைச் சொன்னாலும் 'சரி சார்' என்பதால் அவருக்குச் சரிசார் என்றே பேர் வைத்திருந்தோம். "பாலிஷ்மா, சும்மா" என்று நழுவிவிட்டார்.

அதற்குப் பிறகு என் வெளிச்சப் பெட்டிக்கு வந்த பாட்டில்கள் எல்லாம் புத்தம் புதிதாக இருந்தன. ஒன்றில்கூட வளையம் இல்லை. தள்ளுவதற்கு ஒன்றும் இல்லாமல் சும்மா உட்கார்ந்திருந்தேன். மற்றவர்கள் என்றால் நிம்மதியாக இருந்திருப்பார்கள். எனக்கு அதுவே உறுத்தியது. இத்தனை புதுப் பாட்டில் எப்போது வாங்கினார்கள்? லாரி வந்ததை யாரும் பார்க்கவில்லையே?

அப்போதுதான் மூக்குத்தி வந்தது.

மூக்குத்தி என்பது நான் வைத்த பேர். அந்தப் பாட்டிலின் கழுத்துக் கண்ணாடிக்குள் துளியூண்டு காற்றுக்குமிழ் ஒன்று வார்க்கும்போதே சிக்கிக்கொண்டது. வெளிச்சத்தில் மூக்குத்திக் கல் மாதிரி மின்னும். வருஷக்கணக்கில் என் முன்னால் வந்து போய்க்கொண்டிருந்தது. போன மாதம் அதன் வளையம் என் விரலைத் தாண்டிவிட்டதால் நானே நொறுக்குகிற பெட்டியில் போட்டேன். கொஞ்சம் வருத்தமாகக்கூட இருந்தது. இப்போது அதே மூக்குத்தி, வளையம் இல்லாமல், மினுமினுவென்று பெல்ட்டில் வருகிறது.

கையில் எடுத்தேன். வழவழவென்று இருந்தது. தோளில் நகத்தை வைத்து அழுத்தி இழுத்தேன். பிசுக்கு போல ஏதோ நகத்தோடு வந்தது. அதற்குக் கீழே சொரசொரவென்று அந்த வளையம் அப்படியே இருந்தது. நான் தள்ளின பாட்டில்கள் ஒன்றுகூட நொறுங்கவில்லை. எல்லாம் அந்த டிரம்மில் இருந்த எண்ணெயைப் பூசிக்கொண்டு திரும்பி வந்திருக்கின்றன. முன்னைவிட அதிக காஸைத் தாங்குவதற்கு!

பாட்டிலோடு நேரே மாப்பிள்ளையிடம் போனேன். சரிசாரும் பின்னாலேயே ஓடி வந்தார்.

"சார், இது நான் கழிச்ச பாட்டில். மேலே பூசி மறைச்சிருக்கீங்க. இது வெடிக்கும்."

மாப்பிள்ளை அதை வாங்கி ஜன்னலுக்கு நேரே பிடித்தார். "புதுசு மாதிரி தெரியுதா இல்லையா?"

"தெரியுது. அதான் சார் பயமே."

"கடைக்காரனுக்குப் புதுசாத் தெரிஞ்சா போதும்மா. நாளைக்கு ஹோட்டல்காரங்க பார்க்க வர்றாங்க. நீ வேற அபசகுனமா பேசாதே." மூக்குத்தியைச் சரிசாரிடம் நீட்டினார். "நாளைக்கு நிரப்பற பெட்டியில போடு."

"சரி சார்" என்றார் சரிசார். என் முகத்தைப் பார்க்காமல் போய்ப் போட்டார்.

வீட்டுக்கு வந்து நாத்தனாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "நாளைக்கு லீவு போடு. வயித்து வலின்னு சொல்லு."

"அண்ணி, நாளைக்கு நான்தான் மிஷின் பக்கத்துல நின்னு அவங்களுக்கு இங்கிலீஷ்ல சொல்லணுமாம். மாப்பிள்ளையே சொல்லிட்டாரு. எத்தனை வருஷமா மூடி போட்டுக்கிட்டே இருக்கேன், ஒரு நாள் நல்ல சேலை கட்டி நிக்கக் கூடாதா?"

"அடியே, கண்ணு போனா சேலை எதுக்குடி?"

"கண்ணாடி போட்டுக்கறேன். மிஷினைச் சுத்திக் கம்பி வலையும் இருக்கு. போதுமா? மொறைக்காதீங்க, சாப்பாடு இறங்க மாட்டேங்குது" என்று என் கன்னத்தைக் கிள்ளினாள். வேலைக் கண்ணாடியைக் கழற்றவே மாட்டேன் என்று என் தலையில் அடித்துச் சத்தியம் செய்தாள். நானும் அரை மனதாக அடங்கிப்போனேன்.

மறுநாள் காலையில் போய்ப் பார்த்தால் மிஷினைச் சுற்றி இருந்த கம்பி வலையைக் காணோம். துருப்பிடித்து அசிங்கமாக இருக்கிறது, வருகிறவர்கள் பாட்டில் நிரம்புவதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று கழற்றிச் சுவரில் சாய்த்து வைத்திருந்தார்கள். சரிசாரைப் பிடித்து உலுக்கினேன். "நான் என்னம்மா பண்ணட்டும்?" என்றார். அவருடைய நெற்றியெல்லாம் வியர்வை. மிஷினுக்கு நேரே போவதைத் தவிர்த்து, சுவரை ஒட்டிச் சுற்றிக்கொண்டு போனார். அதைப் பார்த்ததும் எனக்கு இருந்த கொஞ்சநஞ்ச தைரியமும் போய்விட்டது.

ஹோட்டல்காரர்கள் வந்தார்கள். நாத்தனார் நீலச் சேலையில் மிஷின் அருகே நின்றாள். கண்ணாடி போட்டிருந்தாள். மாப்பிள்ளை அவள் பக்கம் குனிந்து, "அதைக் கழட்டும்மா, கண்ணு தெரியட்டும்" என்றார். அவள் என் பக்கம் பார்த்தாள். நான் வேண்டாம் என்று தலையை ஆட்டினேன். மாப்பிள்ளை கையை நீட்டியபடியே நின்றார். வந்தவர்கள் எல்லோரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கழற்றிக் கொடுத்துவிட்டாள்.

பெல்ட் ஓடியது. பாட்டில்கள் நிரம்பி, மூடி விழுந்து, வரிசையாக வெளியே வந்தன. அவள் ஒன்றை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் உயர்த்தினாள். குமிழ்கள் சரம் சரமாக மேலே ஏறின. அந்த இங்கிலீஷ் வார்த்தையைச் சொல்லி, கண்ணை உருட்டிச் சிரித்தாள். வந்தவர்களும் சிரித்தார்கள். அவள் விரலுக்கு மேலே, பாட்டிலின் கழுத்தில், மூக்குத்தி மின்னியது.

"கீழே வைடி!" என்று கத்தினேன். என் தொண்டையில் அப்படி ஒரு சத்தம் இருப்பது எனக்கே தெரியாது. அவள் பதறி என் பக்கம் திரும்பினாள். அப்போதுதான் வெடித்தது.

திரும்பியதால் வலது கண் தப்பித்தது என்றார் டாக்டர். இடது கண் எப்படி என்பது கட்டைப் பிரித்த பிறகுதான் தெரியுமாம். பாட்டிலை அவள் கை தவறி மிஷினில் இடித்துவிட்டாள் என்று கம்பெனியில் பேசிக்கொண்டார்கள். மிஷின் அன்று மத்தியானமே ஓடியது. நான் அதற்குப் பிறகு வேலைக்குப் போகவில்லை.

அவளை வீட்டுக்கு அழைத்து வந்த பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். நான் சமையலறையில் இருந்தேன். வாசலில் யாரோ வந்து வீட்டுக்காரரிடம் பேசிவிட்டுப் போனார்கள். கை துடைத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தேன்.

ஜன்னலுக்கு நேரே, வெயிலில், ஒரு பெட்டி நிறைய நிரப்பின பாட்டில்கள். வெள்ளி லேபிள். கூரையெல்லாம் வெளிச்சம் நெளிந்துகொண்டிருந்தது.

"சரிசார் கொண்டு வந்தாரு" என்றார் வீட்டுக்காரர். "மாப்பிள்ளை நலம் விசாரிச்சு அனுப்பினாராம்."

நாத்தனார் பெட்டிக்குப் பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்து, கட்டுப் போடாத கண்ணால் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அழகா இருக்குல்ல அண்ணி" என்றாள். ஒரு கை பெட்டியின் விளிம்பில் இருந்தது.

இந்தத் தடவை நான் கத்தவில்லை. கத்தினால் அவள் அதிர்ந்துவிடுவாள். "கண்ணு, கையை மெதுவா எடு. எந்திரிச்சு எங்கிட்ட வா" என்றேன். என் குரலைக் கேட்டதுமே அவள் முகம் வெளுத்தது. எழுந்து வந்தாள். அவள் முகத்தை என் தோளில் அழுத்திக்கொண்டு சமையலறைக்குள் தள்ளினேன். வீட்டில் சாக்கு ஏது? கல்யாணத்துக்கு வந்த கம்பளியை வாளித் தண்ணீரில் முக்கினேன். வீட்டுக்காரர் அதை எட்டி நின்று பெட்டிமேல் வீசிவிட்டு ஓடி வந்தார். கதவைச் சாத்தினோம்.

மூன்று பேரும் கதவை அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றோம். கொஞ்ச நேரத்தில் கம்பளிக்கு அடியில் அமுக்கின மாதிரி ஒரு சத்தம். அப்புறம் தண்ணீர் தரையில் ஒழுகும் சத்தம்.

நாத்தனார் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "அண்ணி, நம்ம எதிர்க் கடையிலும் நேத்து இந்தப் பெட்டிதான் இறக்கினாங்க. வாசல்ல அடுக்கி வச்சிருக்காங்க."

தெருவில் கடைக்காரர் மத்தியானத் தூக்கம் முடிந்து ஷட்டரைத் தூக்குவது கேட்டது. சோடா கேட்டுப் பிள்ளைகள் கூச்சல் போடுவதும் கேட்டது. நான் செருப்புக்கூடப் போடாமல் வெளியே ஓடினேன்.