ஏழாவது படியில் பவுடர்

நகரத்தின் நடுச்சதுக்கத்தில் இருக்கும் அந்த விடுதி 1911 ஜூன் மாதம் திறக்கப்பட்டது. அறைகள் பதினெட்டு, மாடிக்குப் போக மரப்படிக்கட்டு ஒன்று.

தச்சர் அங்கே விருந்தாளியாக வந்திருந்தார். கல்யாணமாகி இருபத்தைந்து வருடம். மனைவி போட்ட நிபந்தனை ஒன்றுதான்.

"ரெண்டு நாள் எந்த மரத்தையும் தொடக்கூடாது. தொட்டீங்க, அடுத்த பஸ்ல எங்க அக்கா வீட்டுக்குப் போயிடுவேன்."

கருவிப்பெட்டியை வீட்டிலேயே பூட்டி, சாவியைத் தன் கைப்பையில் போட்டுக்கொண்டுதான் கிளம்பினாள்.

வினை ஏழாவது படியில் இருந்தது. மிதித்தால் கத்தும். யார் ஏறி இறங்கினாலும் தச்சருக்குப் பல்லைப் பிடுங்குவது போலிருந்தது. காலையில் வந்ததிலிருந்து பொறுத்துப் பார்த்தார். மத்தியானம் மனைவி கண்ணயர்ந்ததும் அவளுடைய பவுடர் டப்பாவோடு போய், மண்டியிட்டு, பலகை இடுக்கில் பாதியைக் கொட்டி, மிதித்து மிதித்து உள்ளே இறக்கினார். படி வாயை மூடியது. திரும்பி வந்து நல்ல பிள்ளையாகப் படுத்துக்கொண்டார்.

நாலு மணிக்கு டீ சொல்லக் கீழே போன மனைவி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தாள்.

"அந்த வரவேற்பு அம்மா முதுகுக்குப் பின்னாடி கால் மணி நேரம் நின்னேங்க. கனைச்சதும் தூக்கிவாரிப் போட்டு எந்திரிக்கிறாங்க. மேஜை பழங்காலத்துதாம், வாசலைப் பார்த்துத் தரையோட திருகி வச்சிருக்காம், நகர்த்த விடமாட்டாங்களாம். மாடியிலேர்ந்து ஆள் வர்றது அந்தப் படி கத்தினாத்தான் தெரியுமாம். இன்னைக்குன்னு பார்த்து கத்தலையாம்."

தச்சர் மின்விசிறியைப் பார்த்தார். மனைவி அவர் முழங்காலைப் பார்த்தாள். வெள்ளை வெளேரென்று இருந்தது. ரோஜா வாசனை வேறு.

"மரத்தை எங்க தொட்டேன்? பவுடரைத்தானே தொட்டேன்."

அவள் கைப்பையை எடுத்தாள். பஸ்ஸுக்குத்தான் என்று அவர் எழுந்து உட்கார்ந்தார். அவள் வெளியே எடுத்தது ஒரு கொண்டை ஊசி.

"வாங்க. அந்தம்மா பொழப்பைக் கெடுத்துட்டு இங்க என்ன படுக்கை? நோண்டி எடுங்க."

அவர் நோண்டினார். மேல்படியில் உட்கார்ந்து அவள் கைப்பேசியால் வெளிச்சம் காட்டினாள். மிச்சப் பொடிக்காக வரவேற்பு அம்மா தூசி உறிஞ்சியைக் கொண்டுவந்து கொடுத்தாள்.

"சத்தத்தை ரிப்பேர் பண்ற ஆளை இப்பத்தான் பார்க்கிறேன்" என்றாள்.

"நீங்க ஒருநாள் பார்க்கிறீங்க, நான் இருபத்தஞ்சு வருஷமா பார்க்கிறேன்" என்றாள் மனைவி.

ஐந்தரை மணிக்கு ஏழாவது படி மறுபடியும் கத்தியது. இருவரும் மறுநாள் மாலை வரை தங்கினார்கள். அக்கா வீட்டுக்கு யாரும் போகவில்லை.