குறை எழுதாத வண்டி

என் கடைக்குக் கதவு கிடையாது. பழைய தொட்டில், நடைவண்டி என்று குழந்தைச் சாமான்களை வாங்கி, பழுது பார்த்து, இணையச் சந்தையில் விற்கிறேன். எதுவானாலும் குறையைத்தான் முதல் வரியில் எழுதுவேன். இடது சக்கரம் கீச்சிடும். மெத்தையில் பால் கறை. இப்படி என் சரக்கை நானே குறை சொல்லிச் சொல்லித்தான் ஐந்து நட்சத்திரம் சேர்ந்தது.

"என்னைக் குறை சொல்லிப் பழகின வாய் ஆச்சே" என்பார் என் கணவர்.

இழுத்து மூடிய கடை ஒன்றிலிருந்து குழந்தைத் தள்ளுவண்டிகளை மொத்தமாக அள்ளிவந்து என் கூடத்தில் அடுக்கினான் தம்பி.

"அக்கா, உன் பேருக்கு என்ன விலைன்னு பாத்துடலாமா?"

ஒரே மாதிரி வண்டி, ஒரே படம். அன்றுதான் தொடங்கிய அவன் கணக்கில் ஒன்று. விலையைக் கூட்டி என் கணக்கில் ஒன்று. விவரத்தையும் அவனே எழுதினான். தொட்டிலுக்கு வர்ணம் அடித்துக்கொண்டிருந்த நான், "சரி, போட்டுத் தொலை" என்றேன். வர்ணம் காய்வதற்குள் என்னுடையது விற்றுவிட்டது. அவனுடையதை ஈ காக்கா சீண்டவில்லை.

"பாத்தியா! அந்தக் கூடுதல் காசு முழுக்க உன் பேருக்குத்தான்!"

எனக்கும் தலைகால் புரியவில்லை, பொய் சொல்வானேன்.

வாங்கிய பெண்ணிடமிருந்து செய்தி வந்தது. "அடுத்த வாரம் பிரசவம். நீங்க எப்பவும் குறையத்தான் முதல்ல எழுதுவீங்க. இதுல ஒண்ணுமே எழுதல. அப்ப குறையே இல்லன்னு கண்ண மூடிட்டு வாங்கிட்டேன்."

நான் அந்த வண்டியைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லையே! வாசல் சரிவில் நிறுத்தி, தண்ணீர் கேனை ஏற்றி, பிரேக்கைப் போட்டேன். கொஞ்சம் நின்றது. பிறகு மெல்ல நழுவித் தெருவுக்கே போய்விட்டது. அடுத்த வண்டியும் அப்படியே.

பதறிப்போய் ஆர்டரை கேன்சல் செய்தேன். திரை காரணம் கேட்டது. கைக்கு வந்த 'இருப்பு இல்லை'யைத் தொட்டுவிட்டேன். ஆர்டரோடு சேர்ந்து, அவளுக்குச் செய்தி அனுப்பும் வழியும் மூடிக்கொண்டது.

சாயங்காலம் ஒற்றை நட்சத்திரம் விழுந்தது. 'கடைசி நேரத்தில் கைவிட்டார்.' அழுகையே வந்துவிட்டது எனக்கு.

"இவ்ளோ வருஷம் சேத்த பேரு போச்சேக்கா" என்றான் தம்பி.

"அந்தக் கூடுதல் காசு பேருக்கு இல்லடா. சோதிச்சுப் பாத்திருப்பேன்னு நம்பிக் குடுத்த கூலி. நான் எங்க சோதிச்சேன்?"

அவன் போன் மணியடித்தது.

"அக்கா! என் முதல் ஆர்டர்!" என்று குதித்தவன், பெயரைப் பார்த்ததும் அப்படியே உட்கார்ந்துவிட்டான். அதே பெண். என்னிடம் கிடைக்காத அதே வண்டியை அவனிடம் வாங்கியிருந்தாள்.

"முதல் ஆர்டரையே கேன்சல் பண்ணா, என் கணக்கு எந்திரிக்கவே எந்திரிக்காதுக்கா."

அவன் வாசலில் கிடந்த வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு தட்டச்சு செய்தான்: 'பிரேக் போட்டாலும் நிக்காது. யார்கிட்டயும் இந்த வண்டிய வாங்காதீங்க.'

அவள் படித்துவிட்ட அடையாளம் விழும்வரை காத்திருந்தான். அதற்குப் பிறகுதான் கேன்சலைத் தொட்டான்.