ஐந்து மணிக்குள் ஆற வேண்டும்

என் டேப்லெட்டுக்கு என்மேல் என்ன கோபமோ தெரியவில்லை. அறுபத்து நான்கு வீடுகளுக்கும் நல்ல பிள்ளையாகக் கூடவே வந்தது. அறுபத்தைந்தாவது வீட்டு வாசலில், அதுவும் கடைசி நாள் மத்தியானம், கொதிக்க ஆரம்பித்தது.

வீடு வீடாகப் போய் யார் வீட்டில் என்னென்ன சாமான் இருக்கிறது என்று கணக்கெடுப்பது என் வேலை. தற்காலிக வேலை. அன்று மாலை ஐந்து மணிக்குள் அறுபத்தைந்து வீட்டுப் படிவங்களும் போய்ச் சேர்ந்துவிட்டால் ஆபீசிலேயே நிரந்தரமாக ஒரு நாற்காலி. ஒன்று குறைந்தாலும் நடையைக் கட்ட வேண்டியதுதான் என்று மேற்பார்வையாளர் சொல்லியிருந்தார். ஒன்றரை வருடமாக வெயிலில் அலைகிறவளுக்கு நாற்காலி என்றால் என்னவென்று அவருக்கு எங்கே தெரியும்? அவர்தான் காலையிலிருந்து அதில் உட்கார்ந்திருக்கிறாரே.

அறுபத்தைந்தாவது வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். என்னை உள்ளே விடவில்லை. வெயில் சுள்ளென்று அடிக்கும் வாசலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டார். கதவை ஒருக்களித்துச் சாத்திவிட்டு, அதை மறைத்துக்கொண்டு நின்றார்.

"ஃபேன் இருக்கா சார்?"

"இல்ல."

"ஃப்ரிட்ஜ்?"

"இல்ல."

"ஏசி?"

"அதெல்லாம் கண்ணால பார்த்ததுகூட இல்லம்மா."

கதவிடுக்கு வழியாக என் கால் விரல்களில் ஜில்லென்று காற்று பட்டுக்கொண்டிருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு 'இல்லை' என்ற கட்டத்தைத் தொட்டேன். சொன்னதை எழுதுவதுதான் என் வேலை. உண்மையைச் சொன்னால் அரசாங்கச் சலுகையெல்லாம் போய்விடும் என்று அந்தத் தெருவில் யாரோ புரளி கிளப்பியிருந்தார்கள். அப்படி எதுவும் கிடையாது என்று சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்ததுதான் மிச்சம்.

மொத்தம் அறுபது கேள்விகள். நாற்பதாவதில் திரை கறுத்தது. 'சாதனம் சூடாக உள்ளது. ஆறிய பின் பயன்படுத்தவும்.' ஆறிய பின் திறந்தால் படிவம் காலி. முதலிலிருந்து கேட்டேன். அவரும் சளைக்காமல் முதலிலிருந்து இல்லை என்றார். இந்தத் தடவை இருபத்திரண்டிலேயே அணைந்துவிட்டது. மணி மூன்றே முக்கால்.

மேற்பார்வையாளருக்குப் போன் போட்டேன்.

"சார், சூடு தாங்கல. உறையைக் கழட்டிரட்டுமா?"

"சீல் வச்சிருக்கு. கை வச்சா நீங்கதான் பொறுப்பு. நிழல்ல நின்னு பண்ணுங்க."

"இங்க நிழலே இல்ல சார்."

"இருக்கிற இடமாப் பாருங்க" என்று வைத்துவிட்டார். பார்த்தேன். இருந்த ஒரே நிழல் கண்டக்டர் தலையில் போட்டிருந்த துண்டுக்குக் கீழேதான் இருந்தது.

எனக்கு அழுகை வந்துவிட்டது. வெட்கமாகத்தான் இருந்தது, ஆனாலும் வந்தது. கண்டக்டர் பதறிப்போனார். "அட, இதுக்குப் போயா அழுவாங்க? வேலை போயிடுமாம்மா?"

தலையாட்டினேன். அவர் செய்தித்தாளை மடித்து டேப்லெட்டுக்கு விசிற ஆரம்பித்தார்.

"பேப்பரை வச்சுக்கிட்டு என்ன கூத்துங்க இது?" என்று கதவைத் தள்ளிக்கொண்டு அவர் மனைவி வந்தார். கையில் டேபிள் ஃபேன்.

நான் ஃபேனைப் பார்த்தேன். கண்டக்டர் என்னைப் பார்த்தார்.

"பக்கத்து வீட்டு ஃபேன்" என்றார்.

"பக்கத்து வீட்டு ஃபேன் பதினோரு வருசமா நம்ம வீட்டுல எதுக்கு சுத்துது?" என்றார் அந்த அம்மா.

ஃபேன் வெயிலை அள்ளி எங்கள்மேல் வீசியது. டேப்லெட் கொஞ்சமும் மசியவில்லை. "இது வேலைக்காகாது, கொண்டா" என்று டேப்லெட்டைப் பிடுங்கிக்கொண்டு அந்த அம்மா உள்ளே போனார். ஏதோ ஒரு கதவு திறக்கும் சத்தமும், பாட்டில்கள் இடிபடும் சத்தமும் கேட்டன.

"ஐயோ, ஃப்ரிட்ஜுல வைக்காதீங்கம்மா! உள்ள ஈரம் கோத்துக்கும்!" என்று கத்தினேன். கத்திய பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது. கண்டக்டர் திருதிருவென்று விழித்தார்.

"அப்ப ஏசி ரூமுக்கு வா" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. கண்டக்டர் கண்ணை மூடிக்கொண்டார்.

ஏசி அறையில் வெறுந்தரையில் டேப்லெட்டைக் கிடத்தினோம். உறையில் ஒரு கொத்தமல்லி இலை ஒட்டியிருந்தது. மூன்று பேரும் சுற்றி உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். நாலே முக்காலுக்கு உயிர் வந்தது. படிவம் மறுபடியும் காலி. மூச்சு விடாமல் கேட்டுக்கொண்டே போனேன்.

"ஃபேன் இருக்கா சார்?"

"இல்…" என்று ஆரம்பித்தார். தலைக்கு மேல் ஏசி உறுமியது. அவர் மனைவி அவரையே பார்த்தார். கண்டக்டர் கையை நீட்டி, காய்ச்சல்காரக் குழந்தையின் நெற்றியைத் தொடுவதுபோல் டேப்லெட்டின் முதுகைத் தொட்டுப் பார்த்தார்.

"மறுபடியும் சுட ஆரம்பிச்சிடுச்சு" என்றார். பிறகு பஸ்ஸில் நிறுத்தம் சொல்லும் குரலில் கடகடவென்று ஆரம்பித்தார். "எழுதிக்கோ. ஃபேன் மூணு. ஃப்ரிட்ஜ் ஒண்ணு. ஏசி ஒண்ணு. வாஷிங் மெஷின் ஒண்ணு. மிக்ஸி ரெண்டு, ஒண்ணு ஓடாது. சலுகை போனா போய்த் தொலையுது."

"சார், சலுகை எதுவும் போகா…"

"பேசிட்டு நிக்காதம்மா, அனுப்பு!"

நாலு ஐம்பத்தெட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. 'பெறப்பட்டது' என்று காட்டிவிட்டு டேப்லெட் அணைந்துபோனது. இனி எத்தனை நாள் வேண்டுமானாலும் அணைந்து கிடக்கட்டும். சந்தோஷத்தில் எனக்குக் கைகால் ஓடவில்லை. கண்டக்டர் அந்த ஏசியிலும் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவரைச் சும்மா சீண்டிப் பார்க்கத் தோன்றியது.

"சார், ஒரு கேள்வி விட்டுப்போச்சு. நல்ல மனசு இருக்கா?"

"இல்ல" என்றார் பட்டென்று.

அவர் மனைவி ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த தண்ணீர் பாட்டிலை என் கையில் கொடுத்தார். "சொன்னாரேன்னு இதையும் அப்படியே எழுதிடாதம்மா" என்றார்.