மௌனத்துக்குப் பிறகு விழும் அடி

டிரம் போட்டி நடந்த டேட்டன் அரங்கத்தின் பின்பக்க நடைவழியில் எங்கள் முறைக்குக் காத்து நின்றபோது கர்ட்டிஸ் மறுபடியும் ஆரம்பித்தார். பள்ளி பேண்டு முழுவதற்கும் அவர்தான் பொறுப்பு. அதில் டிரம் குழுவுக்கு இசை எழுதிச் சொல்லிக்கொடுப்பது நான்.

"அந்த மௌனத்துல பெரிய டிரம்மையாவது மெதுவா தட்டச் சொல்லு, லோர்னா. பிள்ளைங்க பிடிச்சுக்க ஏதாவது வேணும்ல."

"பிடிச்சுக்க அது என்ன பஸ் கம்பியா?" என்றேன்.

கடைசிப் பகுதியில் எல்லா டிரம்மும் சட்டென்று நின்றுவிடும். பதினாறு எண்ணிக்கைக்குப் பிள்ளைகளின் நடை மட்டும்தான். பிறகு ஏழு சைடு டிரம்களும் ஒரே அடியாக விழ வேண்டும். எழுதியபோது எனக்கு ஒரே பெருமை. அன்று அரையிறுதி. அந்த அடி சிதறினால் மறுநாள் இறுதிப் போட்டி கிடையாது. படிப்பை முடிக்கும் பிள்ளைகளுக்கு இனி எப்போதும் கிடையாது.

என் பயமெல்லாம் கோல்பியைப் பற்றித்தான். வரிசையின் நடுவில் நிற்பவன் அவன். மற்ற ஆறு பேரும் அவனைப் பார்த்துத்தான் அடிப்பார்கள். தங்கமான கை. ஆனால் பதற்றம் வந்தால் கால் தாளத்தை முந்தி ஓட ஆரம்பித்துவிடும். பக்கத்தில் நிற்கும் நவோமிக்கு அந்த வியாதி இல்லை. கடைசி நேரத்தில் நடு ஆளை மாற்றினால் வரிசையே கலைந்துவிடும் என்று குறுக்கு வழியில் போனேன். நவோமியைத் தனியே கூப்பிட்டேன்.

"அவன் ஓடுனா நீ கூட ஓடாத. உன் வேகத்துலயே நில்லு. மத்தவங்க உங்கிட்ட வந்துருவாங்க."

"இது அவனுக்குத் தெரியுமா மிஸ்?"

"தெரிய வேண்டாம்."

அவள் சரி என்று சொல்லவில்லை. கேட்க நேரமில்லை, எங்கள் பெயரை அழைத்துவிட்டார்கள்.

மௌனம் வரைக்கும் நன்றாகவே போனது. டிரம்கள் நின்றன. ஷூக்களின் சத்தம் மட்டும் கேட்டது. நான் முழங்காலில் தாளம் தட்டினேன். பாதியிலேயே கோல்பியின் கால் என் விரலை முந்தியது. பாவிப் பயல். நவோமியைப் பார்த்தேன். நில்லு, நில்லு என்று வாய்க்குள் கெஞ்சினேன். அவள் ஓரக்கண்ணால் அவன் காலைப் பார்த்தாள். பார்த்துவிட்டு அவளும் ஓடினாள். வரிசை முழுக்க ஓடியது.

என் விரல் கடைசி எண்ணிக்கையைத் தட்டுவதற்குள் அடி விழுந்தது. ஏழு டிரம், ஒரே சத்தம். கூட்டம் எழுந்து நின்றது. எனக்குக் கோபத்தில் காது அடைத்தது.

வெளியே வந்ததும் நவோமியைப் பிடித்துக்கொண்டேன். "நான் என்ன சொன்னேன், நீ என்ன பண்ணுன?"

நவோமி தோள் பட்டையைக் கழற்றிக்கொண்டே சொன்னாள். "நான் நின்னிருந்தா பாதிப் பேரு எங்கூட, பாதிப் பேரு அவன்கூட வந்திருப்பாங்க மிஸ். ரெண்டு அடி கேட்டிருக்கும்."

இத்தனை வருடம் சொல்லிக்கொடுத்தவளுக்கு இது தோன்றவே இல்லை. வெட்கமாக இருந்தது.

இறுதிக்குத் தேர்வானவர்களில் கடைசியாக எங்கள் பெயரை வாசித்தார்கள். எல்லோரும் குதித்தார்கள். கோல்பி மட்டும் டிரம் பெட்டியின் மேல் தலை குனிந்து உட்கார்ந்திருந்தான்.

"நான்தான் ஓடிட்டேன்," என்றான். "தெரிஞ்சே ஓடுறேன், நிறுத்த முடியல."

"ஆமா, ஓடுன. நாங்களும்தான் ஓடுனோம்," என்றாள் நவோமி. "கொஞ்சம் தள்ளி உக்காரு."