செக்கர் விரலில் பட்ட முடிச்சு

ரெடிமேட் ஆடைக் கம்பெனியில் அவள் செக்கர். ஒரு நாளைக்கு எண்ணூறு சட்டைகள் அவள் கைக்குள் போய் வரும். கடுகளவு முடிச்சு இருந்தாலும் விரல் நின்றுவிடும். சட்டை வந்த வழியே திரும்பிப் போகும். ஐந்தாம் மாதக் கர்ப்பத்தில், குளிக்கும்போது, அதே விரல் இடது மார்பில் நின்றது.

“பால் கட்டியிருக்கும், விடும்மா,” என்றார் நாத்தனார். அவர் படித்தது தட்டச்சு. ஆனாலும் அந்த வீட்டுக்கு மகப்பேறு மருத்துவர் அவர்தான். அவர் தம்பி, அதாவது இவள் கணவன், தலையாட்டினான். அவன் மின்விசிறிக்கும் தலையாட்டுவான்.

சந்தேகமான சட்டையை அவள் ஒருநாளும் பாஸ் பண்ணியதில்லை. மறுநாளே ஆஸ்பத்திரிக்குப் போனாள். ஊசியால் சதை எடுத்துப் பார்த்து, புற்றுநோய் என்றார்கள்.

“பிரசவம் முடியட்டும், அப்புறம் பாத்துக்கலாம்,” என்று நாத்தனார் டாக்டரம்மா முன்னால் கட்டிக்கு நாலு மாதம் அவகாசம் கொடுத்தார். ஏதோ கட்டி லீவு லெட்டர் நீட்டியதுபோல.

“அதுவரைக்கும் அது கைகட்டி ஒக்காந்திருக்காதும்மா,” என்றார் டாக்டரம்மா. “இப்பவே ஆபரேஷன் பண்ணலாம். மூணு மாசம் தாண்டிட்டதால, ஏத்த மருந்தாப் பாத்துக் கீமோவும் குடுக்கலாம். கதிர் வைத்தியம் மட்டும் பிரசவத்துக்கு அப்புறம்.”

“கொழந்தைக்கு ஒண்ணும் ஆகாதே?” என்றாள் செக்கர்.

“எழுதிக் குடுக்க முடியாது. ஸ்கேன்ல பாத்துக்கிட்டே இருப்போம். ஆனா அதுக்கு அம்மாவும் வேணுமில்ல?”

நாத்தனாருக்குப் பொறுக்கவில்லை. “கொழந்தைக்கு ஆகாதுன்னு இவளுக்குக் காபியையே நிறுத்தி வெச்சிருக்கேன் டாக்டர்!”

“ஒரு கப் குடிக்கலாமே.”

செக்கர் ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போட்டாள். பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கேட்டாள்: “அண்ணி, கேன்டீன் எந்தப் பக்கம்?”

ஆபரேஷன் முடிந்தது. இரண்டாவது கீமோவில் முடி தலையணையோடு தங்கிவிட்டது. அன்றிலிருந்து நாத்தனார் பேச்சை நிறுத்தினார். மருந்துக்கு இப்படியும் ஒரு பக்கவிளைவு உண்டென்று டாக்டரம்மா சொல்லவே இல்லை. மூலையில் உட்கார்ந்து கம்பளி நூலில் இரண்டு தொப்பி பின்னினார். ஒன்று பெரிசு, ஒன்று சிறிசு.

முப்பத்தேழாவது வாரம் பெண் குழந்தை பிறந்தது, தலை கொள்ளாத முடியோடு. மொட்டைத் தலை அம்மா, குழந்தையின் கழுத்தில் தொடங்கி, தோள், முதுகு, இருபது விரல் என்று நிதானமாகத் தடவிக்கொண்டே வந்தாள். விரல் எங்கும் நிற்கவில்லை. கணவன் தலையாட்டக்கூட மறந்து நின்றான்.

“என்னம்மா?” என்றார் நாத்தனார்.

“கொழந்தை பாஸ், அண்ணி.” சின்னத் தொப்பியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். “இதுலதான் காதோரம் ரெண்டு கண்ணி விட்டு ஓட்டை விழுந்திருக்கு. ரிஜெக்ட்.”

“அது காத்தோட்டத்துக்கு விட்டது,” என்றார் அந்த வீட்டு மகப்பேறு மருத்துவர், மூக்கை உறிஞ்சிக்கொண்டே.