கடைவாய்ப் பல்லும் மூன்று சொட்டு எண்ணெயும்

நாற்பத்தேழாம் நம்பர் சீட்டைப் பிடித்துக்கொண்டு லம்துவான் காலை ஆறரை மணியிலிருந்து வட்டார மருத்துவமனையில் உட்கார்ந்திருந்தாள். உட்கார்ந்திருப்பதே அலுப்பாக இருந்தது. ஐம்பத்தாறு வயதில் நாலு படி ஏறினால் நெஞ்சு அடைத்துக்கொள்ளும். இதயத்தில் ஒரு வால்வு கெட்டுப்போயிருந்தது. அதை மாற்ற கோன்கேன் நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் ஒன்பது மாதம் காத்திருந்து பன்னிரண்டாம் தேதி என்று நாள் வாங்கியிருந்தார்கள். ஆனால் வலது கீழ்க் கடைவாய்ப் பல் ஒன்று சீழ் பிடித்திருந்தது. அந்தக் கிருமி புது வால்வில் போய் உட்கார்ந்துகொள்ளுமாம். பல்லைப் பிடுங்கிவிட்டோம் என்று பல் டாக்டர் கையெழுத்துப் போட்ட தாள் வந்தால்தான் நெஞ்சில் கத்தி வைப்பார்கள். இல்லையென்றால் அந்த நாள் வேறு ஆளுக்குப் போய்விடும். இன்னொரு ஒன்பது மாதம் இந்த நெஞ்சு தாங்காது என்பது அவளுக்கே தெரியும்.

தெரிந்தும் மூன்று முறை ஓடி வந்துவிட்டாள். ஒருமுறை நாற்காலிவரை போய் எழுந்து வந்தாள். ஒருமுறை வாசலோடு சரி. மூன்றாவது முறை, ஊர் ஜனங்களை ஏற்றி இறக்கும் சோங்தேவ் வண்டியை விட்டே இறங்கவில்லை. கடைசி நிறுத்தம்வரை போய் அதே வண்டியில் வீடு திரும்பினாள். ஓட்டுநர் இரண்டு தடவை காசு வாங்கிக்கொண்டார்.

எட்டு வயதில் பட்ட பயம் அது. பள்ளிக்கூடத்துக்கு வந்த முகாமில் மர பெஞ்சில் படுக்கவைத்து ஒரு பல்லைப் பிடுங்கினார்கள். ஊசி வேலை செய்யவில்லை. அவள் கையைத் தூக்கினாள். அம்மா அந்தக் கையைப் பிடித்து அமுக்கி, "பெரிய மனுஷங்களுக்குத் தொந்தரவு குடுக்காத" என்றாள். அந்த ஊரில் எல்லோரும் அப்படித்தான். உயிர் போனாலும் டாக்டருக்குச் சிரமம் கொடுக்க மாட்டார்கள்.

இந்த முறை ஓடாமல் உட்கார்ந்திருந்ததற்குக் காரணம் அவள் புருஷன் கம்பான் பஸ் நிலையத்துப் பக்கத்துக் கடையில் வாங்கிவந்த சிபிடி எண்ணெய், கஞ்சாச் செடியிலிருந்து எடுப்பது. கஞ்சா விற்கச் சட்டம் திறந்துவிட்டதிலிருந்து டீக்கடைக்கு டீக்கடை கஞ்சா இலைப் படம் தொங்கியது.

"இது போதை ஏத்தாதுடி. போதை ஏத்துறது வேற சரக்கு. இது பயத்தை மட்டும் எடுக்குமாம். கடைக்காரம்மா சத்தியம் பண்றா."

"விக்கிறவ சத்தியம் பண்ணாம வேற என்ன பண்ணுவா?"

"ஈறுக்கும் நல்லதாம். வாயில விட்டுக் கொப்பளிச்சுத் துப்பணுமாம்."

காசு கொடுத்து வாங்கியதைத் துப்ப அவளுக்கு மனம் வரவில்லை. நாக்கடியில் மூன்று சொட்டு விட்டாள். கொப்பளித்ததையும் விழுங்கினாள். காலையும் மாலையும் இரண்டு வாரம் இப்படியே போயிற்று. பயம் குறைந்தது. எண்ணெயா நம்பிக்கையா, யார் கண்டது!

இன்று சீட்டு கொடுத்த நர்ஸ், "வேற மருந்து, மூலிகை ஏதாவது சாப்பிடுறீங்களா?" என்று கேட்டபோது "இல்லை" என்றாள். அவளைப் பொறுத்தவரை அது பொய் இல்லை. விருந்தாளி வந்தால் அம்மா கோழிச் சாற்றில் கிள்ளிப் போடும் இலைதானே அது? சாற்றில் போடுவதை யாராவது மருந்தில் சேர்ப்பார்களா?

கூப்பிட்டார்கள். போய்ச் சாய்ந்து வாயைத் திறந்தாள். ஓடவில்லை! கம்பான் கதவோரம் நின்று, ஏதோ அவனே பல் டாக்டருக்குப் படித்ததுபோல் பெருமையாகப் பார்த்தான். வாரி என்ற பல் டாக்டர், காலையில் எடுத்த ரத்தப் பரிசோதனைத் தாளோடு வந்தாள். முப்பது வயதுப் பெண், கண்ணுக்குக் கீழே கருவளையம்.

"பெரியம்மா, ரத்தம் உறையாம இருக்க ஒரு மாத்திரை போடுறீங்கல்ல? அதை ரெண்டு ரெண்டா போட்டீங்களா?"

"இல்லையே டாக்டர். சொன்ன மாதிரிதான்."

"ரத்தம் உறையுற கணக்கு போன மாசம் ரெண்டரைல இருந்தது, இன்னைக்கு அஞ்சைத் தாண்டிடுச்சு. இப்பப் பிடுங்கினா ரத்தம் நிக்காது. இன்னைக்கு முடியாது பெரியம்மா."

லம்துவான் திறந்த வாயை மூடவில்லை. வாழ்க்கையில் ஒரே ஒருநாள் தைரியமாக வந்திருந்தாள். அந்த ஒருநாளும் போயிற்று.

கம்பானுக்குத்தான் பொறுக்கவில்லை. "என்ன டாக்டர் இப்படிச் சொல்றீங்க? மூணு தடவை ஓடினவ, இன்னைக்கு எப்படிப் படுத்திருக்கா பாருங்க! எல்லாம் இதனால" என்று பையிலிருந்து புட்டியை எடுத்து நீட்டினான்.

டாக்டர் லேபிளைப் படித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். "வேற மருந்து இருக்கான்னு கேட்டாங்களே?"

"மருந்து இல்லையே டாக்டர். கோழிச் சாத்துல போடுறதுதானே" என்றாள் லம்துவான்.

டாக்டருக்குச் சிரிக்கவும் தெம்பு இல்லை. "இந்த எண்ணெய் உள்ள போனா அந்த மாத்திரை உடம்பை விட்டுச் சீக்கிரம் போகாது. சேர்ந்துக்கிட்டே இருக்கும். அதான் ரத்தம் தண்ணியாகிடுச்சு. மத்தவங்களுக்கு எப்படியோ, உங்களுக்கு இது ஆகவே ஆகாது."

பல் டாக்டர் உடனே இதய டாக்டரிடம் போனில் பேசினாள். எண்ணெயை அடியோடு நிறுத்த வேண்டும். மாத்திரையையும் அவர் சொல்லும்வரை தொடக் கூடாது. செவ்வாய்க்கிழமை திரும்ப ரத்தம் பார்ப்பார்கள். புதன்கிழமை கோன்கேனுக்குத் தாள் போயாக வேண்டும். இருப்பது அந்த ஒரே செவ்வாய்.

இரண்டு நாளில் பயம் திரும்பி வந்துவிட்டது, குடையை மறந்துவிட்டுப் போன விருந்தாளி வருவதுபோல. வெட்கப்பட்டுப்போன கம்பான் தானே சோறு அவித்தான், துணி துவைத்தான், எதிரில் மட்டும் வந்து உட்காரவில்லை. நாலு வார்த்தை திட்டலாம் என்று அவளுக்குத் தோன்றியது. திட்டுவதற்கும் மூச்சு வேண்டுமே. விட்டுவிட்டாள்.

செவ்வாய்க்கிழமை சோங்தேவ் மருத்துவமனை வாசலில் நின்றபோது அவள் எழவில்லை. கம்பான் முதலில் இறங்கி நின்றான். ஓட்டுநர் ஒருமுறை கண்ணாடியில் பார்த்தார். அவள் இறங்கினாள்.

ரத்தம் சரியாகியிருந்தது.

"டாக்டர், இன்னைக்கு எண்ணெய் போடல."

"தெரியுது பெரியம்மா. நாற்காலியே ஆடுது."

"பயம் அப்படியே இருக்கு டாக்டர்."

"இருக்கட்டும். வலிச்சாலும் சரி, பயமா இருந்தாலும் சரி, இடது கையைத் தூக்குங்க. நிறுத்திடுவேன்."

"உங்களுக்குத் தொந்தரவு..."

"தூக்காம இருந்தாத்தான் எனக்குத் தொந்தரவு."

ஊசியைப் பார்த்ததும் கை தானாக எழுந்தது. டாக்டர் நிறுத்தினாள். சத்தியமாக நிறுத்தினாள். லம்துவான் மூச்சு வாங்கிவிட்டுத் தலையசைத்தாள். ஊசி பாதி இறங்கியதும் மறுபடி தூக்கினாள். மறுபடி நிறுத்தம். மரத்துப்போன பிறகும் தூக்கினாள், இடுக்கி பல்லைத் தொட்டபோது தூக்கினாள், பல் ஆடியபோது தூக்கினாள். மேசையில் டாக்டரின் நூடுல்ஸ் ஆறிக் களியாகிக்கொண்டிருந்தது. ஒருதரம்கூட யாரும் அந்தக் கையைப் பிடித்து அமுக்கவில்லை. அவள் கண்ணோரம் ஈரம் வழிந்து காதுக்குள் போயிற்று. அது வலியால் வந்ததில்லை.

பதினோராவது முறை கையைத் தூக்கினாள். டாக்டர் தன் கையை எடுத்துக்கொண்டு குனிந்து கேட்டாள்: "வலிக்குதா பெரியம்மா?"

வாயில் பஞ்சை வைத்துக்கொண்டே லம்துவான் சொன்னாள்: "இல்ல. சும்மா. நிறுத்துறீங்களான்னு பார்த்தேன்."

"நிறுத்த என்ன இருக்கு?" என்று டாக்டர் தட்டைக் காட்டினாள். "பல்லு வந்து அஞ்சு நிமிஷம் ஆச்சு."